பச்சைச் சீழ், திராட்சை மணம்

நியூசிலாந்தின் தேசியத் தீக்காய மையம் நம் ஆக்லாந்தில், மிடில்மோர் மருத்துவமனையில் இருக்கிறது. 2019 டிசம்பர் 9 அன்று வாக்காரி தீவின் எரிமலை வெடித்தபோது அங்கே 47 பேர் இருந்தார்கள். அவர்களில் 22 பேர் இறந்துபோனார்கள். உயிரோடு வந்தவர்களின் புண்களை மூட, அமெரிக்காவிலிருந்து 12 லட்சம் சதுர சென்டிமீட்டர் தோல் கேட்டிருப்பதாக மருத்துவர்கள் அறிவித்தார்கள். "இவ்வளவு தோல் எதுக்குங்க?" என்று தெரிந்தவர்கள் பலர் என்னிடம் கேட்டார்கள்.

கிருமிக்குப் பயந்துதான். கருகிய தோலில் ரத்த ஓட்டம் இல்லை. ஊசியில் ஏற்றும் ஆன்டிபயாடிக் ரத்தத்தோடு போவது. அங்கே அது எட்டாது. கிருமிக்கோ அங்கே ஈரமும் உணவும் தாராளம். அதனால்தான் கருகியதைச் சீக்கிரமே வெட்டியெடுத்து, நோயாளியின் சொந்தத் தோலை ஒட்டும்வரை தானமாக வந்த தோலால் மூடி வைக்கிறார்கள்.

முதல் சில நாட்களில் தலைகாட்டுவது பெரும்பாலும் நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ். அதை இன்னொரு நாள் பேசுவோம். ஒரு வாரம் போனால் வரும் சூடோமோனாஸ்தான் நான் ஆய்வகத்தில் அதிகம் வியந்து பார்க்கும் கிருமி. கட்டுத்துணி நீலப்பச்சையாக மாறுவதைக் கவனித்து, 1882-இல் பாரிசில் ஜெஸார் என்ற மருந்தாளுநர் அதைப் பிரித்தெடுத்தார். இன்றும் வளர்ப்புத் தட்டில் அதே பச்சை படர்கிறது. தட்டை முகர்வது கூடாது. ஆனால் மூடியைத் தூக்கியதுமே பழுத்த திராட்சை மணம் தானாக வந்துவிடும். அந்த இனிய மணம் வந்தாலே எனக்கு அடிவயிறு கலங்கும். வழவழப்பான படலம் ஒன்றைச் சுரந்து அதற்குள் இந்தக் கிருமி பதுங்கிவிடும். பல மருந்துகள் அதனிடம் தோற்றுவிடும். முந்தின வாரம் வேலை செய்த மருந்து இந்த வாரம் தட்டில் பலிக்காததைப் பார்த்து, உடனே வார்டுக்குப் போன் செய்திருக்கிறேன்.

ஈரம் எங்கேயோ அங்கே சூடோமோனாஸ் இருக்கும்: கழுவு தொட்டியில், பூச்சாடித் தண்ணீரில். தீக்காய வார்டுக்குப் பூங்கொத்து கொண்டுபோகாதீர்கள், நேயர்களே. நர்ஸ் தடுத்தால் கோபப்படாதீர்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. முடிக்குமுன் ஒன்று: கையில் சுடுதண்ணீர் கொட்டிவிட்டால் இட்லி மாவு, பற்பசை, மை எதுவும் தடவ வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. பிறகு சமையலறை கிளிங் ஃபிலிமைத் தளர்வாகப் போர்த்தி, மருத்துவரிடம் போங்கள். பெரிய காயம் என்றால் 111. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாருடைய புண்ணும் என் தட்டுக்கு வராமல் ஆற வேண்டும்.