வசாயில் ஒரு வேனிற்பகல்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் சங்கத்தார் குடும்பத்துடன் வசாய் சென்று வந்ததைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார். புளியோதரையின் பெருமையை அவரே விரிவாகக் கூறிவிட்டமையால், அதனை விடுத்துக் கோட்டைக்குள் செல்வோம்.

மும்பைக்கு வடக்கே கழிமுகத்தை ஒட்டி நிற்கும் இவ்வூரை 1534-இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷாவிடமிருந்து போர்த்துக்கீசியர் பெற்றனர். இருநூறாண்டுகளுக்கு மேல் ஆண்டனர். 1739-இல் சிமாஜி அப்பாவின் தலைமையில் மராட்டியர் முற்றுகையிட்டு வென்றனர். அன்று தேவாலயங்களிலிருந்து அவர்கள் கொண்டு சென்ற மணிகளுள் ஒன்று நாசிக்கில் நாரோசங்கர் கோயிலில் இன்றும் தொங்குகின்றது. 1802 டிசம்பர் 31 அன்று பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் ஆங்கிலேயருடன் உடன்படிக்கை செய்துகொண்டதும் இவ்வூரிலேதான். வாளால் வென்ற ஊரில் மையால் தோற்றனர் என்று எமக்குத் தோன்றிற்று.

கூரையிழந்த தேவாலயங்கள், அவற்றினிடையே பனைகள். பனையைக் கண்டதும் நம்மவர் முகம் மலர்ந்ததைச் சொல்லவும் வேண்டுமோ! இளநீரை விடுத்து நுங்கைத் தேடியவர்களும் உண்டு.

அப்பொழுதுதான் ஒரு சிறுவன், "அம்மா, தமிழ்!" என்று கூவினான். மும்பையிலே பிறந்து, நம் ஞாயிறு வகுப்பில் எழுத்துக் கற்பவன். ஓடிச் சென்று பார்த்தோம். தேவாலயச் சுவரின் காரைமேல், பிற மொழிப் பெயர்களுக்கு நடுவே, ஆணியாலோ கல்லாலோ ஆழக் கீறிய ஒரு தமிழ்ப் பெயர்! ஒளிக்காமல் உரைக்கின்றோம்: முதலில் மகிழ்ந்தோம். அவன் தடுமாறாமல் படித்தான் என்று கைதட்டினோம். அதன் பின்னரே நாணம் வந்தது.

அருகே மீன்கூடையுடன் இளைப்பாறிய மூதாட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று மராத்தியில் வினவினார். "ஒரு பெயர்" என்றோம். "உங்களவரா?" என்றார். அறியாதவர் என்று சொல்ல நா எழவில்லை. "எங்கள் மொழிக்காரர்" என்றோம். அவர் ஒன்றும் கூறாமல் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

சிறுவனோ, தன் பெயரையும் எழுதக் கல் ஒன்றைப் பொறுக்கிக் கையில் வைத்திருந்தான். அதனை அவன் கீழே போடும் வரை கைதட்டிய நாங்கள் பட்ட பாட்டைத் தாய்மார்கள் அறிவார்கள். அடுத்த ஆண்டுச் சுற்றுலாவுக்குக் கட்டணம் வாங்கும்பொழுதே ஊரின் வரலாற்றுக் குறிப்பையும் அச்சிட்டுக் கொடுக்குமாறு செயற்குழுவை வேண்டி அமர்கின்றோம்.