கேட்டுத் தேய்ந்த தட்டு

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)



இரத்தினபுரி மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் காலையில் போனால் மாணிக்க வியாபாரிகளைக் காணலாம். கல்லை வெளிச்சத்துக்கு உயர்த்தித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பழைய இசைத்தட்டு வாங்குகிறவரும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

உறையின் அழகில் மயங்காதீர்கள். உள்ளே இருப்பது அதே தட்டுத்தானா என்று முதலில் பாருங்கள். பின்பு யன்னலோரம் போய்த் தட்டைச் சாய்த்துப் பிடியுங்கள். சாய்ந்து விழும் வெளிச்சம் கீறல்களைக் காட்டிக்கொடுத்துவிடும். மயிரிழைக் கீறலைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நகத்தில் தட்டுப்படும் கீறல் பாட்டிலும் தட்டுப்படும். விளிம்பைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தால் நெளிவு தெரியும். நமது மழைக்குப் பூஞ்சணம் பிடிப்பது சகஜம். வினைல் தட்டானால் கழுவிக்கொள்ளலாம்.

1948இல் எல்.பி. வருவதற்கு முன்பிருந்தே புழங்கிய 78 சுழற்சித் தட்டுகள் பெரும்பாலும் அரக்குக் கலவையால் ஆனவை. அவற்றில் ஸ்பிரிட் படக்கூடாது, அரக்கு கரைந்துவிடும். நடுத்துவாரத்தில் விரல் கொடுத்துத் தூக்கி, சட்டி வாங்கும் பெண்களைப் போல மெல்லத் தட்டிப் பாருங்கள். வெடிப்பிருந்தால் ஓசை சொல்லிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை தேய்வு. அந்தத் தட்டுகளில் ஒரு பக்கம் முடிந்ததும் உருக்கு ஊசியை மாற்ற வேண்டும். தோட்டத்தில் யார் மாற்றினார்கள்? மழுங்கிய ஊசி பள்ளத்தை அரைத்து, கறுப்புத் தட்டைச் சாம்பல் நிறமாக்கிவிடும். எப்படிக் கழுவினாலும் அது போகாது. அத்தகைய தட்டை வாங்காதீர்கள்.

ஆனால் நான் வாங்கினேன்.

எங்கள் லயத்தில் ஒரு கங்காணித் தாத்தா இருந்தார். 1953இல் வெளிவந்த 'ஔவையார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் பாடிய பாட்டுத்தட்டு ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு குறிப்பிட்ட இடம் வந்ததும் ஊசியைத் தூக்கி மறுபடியும் அதே இடத்தில் வைப்பார். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அவர் குடும்பம் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, பெட்டியும் தட்டுகளும் கிடைத்த விலைக்குப் போயின.

பல வருடங்களின் பின், பழைய சாமான் கடையொன்றில் அதே பாட்டுத் தட்டு அகப்பட்டது. யன்னலோரம் சாய்த்தேன். நடுவே ஓரிடத்தில் மட்டும் சாம்பல் வளையம்.

"இது கரகரக்கும் மாஸ்டர்" என்று கடைக்காரரே விலையைக் குறைத்தார்.

அது தாத்தாவின் தட்டுத்தானா? சொல்ல முடியாது. அந்தப் பாட்டை விரும்பியவர்கள் எத்தனையோ பேர். வீட்டில் போட்டபோது அந்த இடத்தில் இரைச்சல் எழுந்தது. அதற்கு மேலே அம்மையாரின் குரல் கேட்டது. நானும் ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தேன்.

ஒரு குறையும் இல்லாத கல்லைக் கண்டால், செயற்கையோ என்றுதான் எங்கள் ஊர் வியாபாரி முதலில் சந்தேகப்படுவார். தட்டு வாங்கும்போது கீறலையும் பாருங்கள், தேய்வையும் பாருங்கள். கீறல் யாரோ கவனிக்காமல் விட்டது. தேய்வு யாரோ விரும்பிக் கேட்டது.