நித்திரையைத் தேடும் பெண்களுக்கு ஆயுர்வேதம் சொல்வது

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், வைத்தியத் துறையைச் சேர்ந்த பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



உடல்நலம் பற்றி ஓர் உரை வேண்டும் என்று செயற்குழுவினர் கேட்டபோது, நீரிழிவைப் பற்றிப் பேசலாமா, இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசலாமா என்று நாங்கள் யோசித்தோம். எங்களிடம் வரும் நம் பாடசாலைத் தோழிகள் அதிகம் சொல்லும் குறை எது என்று எண்ணிப் பார்த்தபோது இரண்டும் பின்னுக்குப் போய்விட்டன. "ராவில நித்திரையே இல்லை" என்பதுதான் அந்தக் குறை. அதைச் சொன்ன கையோடு, "நாட்டு மருந்தில ஏதாவது தூள் இருக்கா?" என்றும் கேட்பார்கள். தூள் இருக்கிறது. ஆனால் ஆயுர்வேதம் தூளிலிருந்து தொடங்கவில்லை. அது எங்கிருந்து தொடங்குகிறது என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

சரக சம்ஹிதை உடலைத் தாங்கும் துணைத் தூண்கள் மூன்று என்கிறது: உணவு, நித்திரை, புலனடக்கம். நித்திரை இரண்டாவது தூண். இரவில் இயல்பாக வரும் நித்திரைக்கு அந்த நூல் "பூததாத்ரி" என்று பெயர் வைத்திருக்கிறது. உயிர்களை வளர்க்கும் செவிலித்தாய் என்பது அதன் பொருள். நம்மில் தாதியராகப் பணிபுரியும் சகோதரிகளுக்கு இந்தப் பெயர் பிடிக்கும் என்று நினைக்கிறோம்.

நித்திரை ஏன் கெடுகிறது என்பதற்கு அதே நூல் ஐந்து காரணங்கள் சொல்கிறது: வேலை, காலம், நோய், பிறவி இயல்பு, வாதத்தின் மிகுதி. காலம் என்பதற்கு முதுமை என்று உரைகாரர்கள் பொருள் சொல்வார்கள். வாதம், பித்தம் என்று நாம் உடனே பேசத் தொடங்கிவிடுகிறோம். நூலோ வேலையை முதலில் வைத்திருக்கிறது. பெண்களின் நித்திரையைப் பற்றிப் பேசும்போது அந்த முதல் சொல்லிலேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

எங்களில் பலருடைய பாட்டிமாரும் தாய்மாரும் கலகா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவ பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து எடுத்தவர்கள். பிரட்டுக்குப் போவதற்கு முன்னரே தண்ணீர் எடுத்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்குப் பிறகு படுக்கையில் கிடந்த தாயை நாம் கண்டதில்லை. இரவில் கடைசியாகப் படுத்தவரும் அவர்தான். அந்தப் பிள்ளைகள் படித்து ஆசிரியைகளாகவும் வங்கி உத்தியோகத்தர்களாகவும் ஆன பிறகும் நேரம் மட்டும் மாறவில்லை. மகனின் காலை வகுப்பு, கணவரின் சாப்பாட்டுப் பெட்டி, பேராதனை வீதியின் வாகன நெரிசலுக்கு முன் கிளம்ப வேண்டிய அவசரம் எல்லாம் சேர்ந்து அதே நான்கு மணிக்கு எழுப்பிவிடுகின்றன. இரவு பதினொன்றரைக்குப் படுத்து நான்குக்கு எழும் பெண்ணுக்கு இருப்பது நித்திரையின்மை என்ற நோய் அல்ல. அவருக்கு நித்திரைக்கு நேரம் கிடைக்கவில்லை. அவருக்கு எண்ணெயும் இலேகியமும் எழுதிக் கொடுத்து அனுப்புவதை நாங்கள் வைத்தியமாகக் கருதவில்லை. வீட்டில் மற்றவர்கள் காலைத் தேநீரைப் போட்டுக்கொள்ளப் பழகுவதுதான் அங்கே முதல் மருந்து. கணவரையும் கூட்டி வாருங்கள் என்று நாங்கள் சொல்வதன் காரணம் அதுதான்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் தாய்மாரின் கதை வேறு. கோடை காலத்தில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. மகள் வேலை முடிந்து ஆறு மணிக்கு அழைத்தால் கண்டியில் அதிகாலை மூன்றரை. தொலைபேசியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, எப்போது அழைப்பு வரும் என்று அரைத் தூக்கத்தில் கிடக்கும் தாய்மாரை நாங்கள் நிறையப் பார்க்கிறோம். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளே, உங்கள் மதிய உணவு இடைவேளை ஒரு மணியென்றால் இங்கே இரவு பத்தரை. விடுமுறை நாளில் காலை எட்டுக்கு அழைத்தால் இங்கே மாலை ஐந்தரை. நேரத்தைக் குறித்து வைத்து அழைத்தால் அம்மாவுக்கு மருந்துச் செலவு குறையும்.

இன்னொரு விழிப்பும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதற்குப் பிறகு, பெருமழை இரவுகளில் மலைச்சரிவில் இருக்கும் லயங்களில் கண் மூடாமல் இருப்பவர்கள் அதிகம். பயமும் கவலையும் நித்திரையைக் கெடுக்கும் என்று சரகரும் சொல்கிறார். ஆனால் அந்தப் பயம் நியாயமானது. அதை மருந்தால் அடக்கக் கூடாது. அவர்களுக்குத் தேவை பாதுகாப்பான நிலமும் வீடும். நம் சங்கத்தின் சமூகப் பணித் திட்டங்களை வகுப்பவர்கள் இதையும் மனதில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இரவுக் கடமை செய்யும் தாதியருக்கும் தொழிற்சாலைப் பெண்களுக்கும் வாக்படரின் அஷ்டாங்க இருதயத்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது. பழக்கமில்லாமல் இரவு விழித்திருந்தால், விழித்திருந்த நேரத்தில் பாதியளவு, மறுநாள் காலையில், சாப்பிடுவதற்கு முன் நித்திரை கொள்ள வேண்டும் என்கிறது அது. கடமை முடிந்து வந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, துணி துவைத்து, மத்தியானம் படுப்பதுதான் நம் வழக்கம். நூல் சொல்லும் வரிசை அதற்கு நேர்மாறு. நிலம் வறண்டு இரவுகள் குறுகும் கோடையில் எல்லோரும் பகலில் சற்று உறங்கலாம் என்றும், முதியோர், நோயாளர், துக்கத்தில் இருப்போர், களைத்தோர் எந்தக் காலத்திலும் உறங்கலாம் என்றும் சரகர் விலக்குக் கொடுத்திருக்கிறார். "பகலில் படுத்தாயா?" என்று மருமகளைக் கேட்கும் மாமிமார் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, நேரம் கிடைத்தும் நித்திரை வராதவர்களைப் பற்றிப் பேசுவோம். இவர்களுக்குச் சரகர் சொல்வதில் உடம்பில் எண்ணெய் தேய்த்தல், குளித்தல், பால், நெய், சோறு, மனதுக்குப் பிடித்த மணமும் ஓசையும், வசதியான படுக்கை எல்லாம் வருகின்றன. பெரும்பாலும் வீட்டில் இருப்பவைதான். தலையில் தினமும் எண்ணெய் வைப்பவருக்கு நல்ல நித்திரை கிடைக்கும் என்று தனியாகவும் சொல்கிறார். செவ்வாயும் வெள்ளியும் நம் தாய்மார் நம்மைப் பிடித்து இருத்தி எண்ணெய் வைத்ததில் நாம் அழுதது மட்டும்தான் நினைவிருக்கிறது. அன்றிரவு எப்படி உறங்கினோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

செய்முறை எளிது. இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து இளஞ்சூடாக்குங்கள். உச்சந்தலை, காதுமடல், உள்ளங்கால் மூன்றிலும் பத்து நிமிடம் மெதுவாகத் தேயுங்கள். கண்டியின் குளிரில் தலையில் எண்ணெயோடு படுப்பது எல்லோருக்கும் ஒத்துவராது. சளி பிடிப்பவர்கள் காலுக்கு மட்டும் வைத்தால் போதும். காய்ச்சல், தடிமன், அசீரணம் இருக்கும்போது வேண்டாம். தேய்த்த காலைத் துடைத்துவிட்டு நடவுங்கள். வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால் அதற்குச் சுதேச வைத்தியத்தில் வேறு பிரிவு இருக்கிறது.

பால் விடயத்தில், நித்திரை இல்லாதவர்களுக்கு எருமைப்பால் நல்லது என்பது நூலில் இருக்கிறது. செமிக்கும் சக்தி உள்ளவர்களுக்கே அது பொருந்தும். இல்லாதவர்களுக்குப் பசும்பாலே போதும். அப்படியானால் மீகிரி சாப்பிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தயிரும் சோறும் நித்திரைக்கு உதவும் என்று சொல்லும் அதே நூல், இரவில் தயிர் உண்ணக் கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே மதியத்தில் சாப்பிடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் கித்துள் பாணியை மறந்துவிடுங்கள்.

1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரானதிலிருந்து தேநீர் நம்மோடு இருக்கிறது. சரகருக்கு அது தெரியாது. தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் ஆகும். மாலை ஐந்துக்குக் குடித்த சாயத்தில் பாதி இரவு பத்துக்கும் இரத்தத்தில் இருக்கிறது. மதியத்துக்குப் பிறகு தேநீரை நிறுத்தி இரண்டு வாரம் பாருங்கள். எங்களிடம் வருபவர்களுக்கு நாங்கள் எதையும் எழுதிக் கொடுப்பதற்கு முன் இதைத்தான் சொல்கிறோம்.

இப்போது தூள்களுக்கு வருவோம். கண்டிப் பகுதி வீட்டுத் தோட்டங்களில் சாதிக்காய் தாராளமாக விளைகிறது. ஒரு சிட்டிகை பாலில் கலந்து குடிப்பது பழைய வழக்கம். அந்த அளவோடு நிறுத்த வேண்டும். ஒரு முழுச் சாதிக்காயே ஐந்து கிராம் அளவுக்கு இருக்கும். அவ்வளவும் உள்ளே போனால் நெஞ்சுப் படபடப்பும் மயக்கமும் மனக்குழப்பமும் வரும். கர்ப்பிணிகளும் சிறுவர்களும் தவிர்க்க வேண்டும். கசகசாப் பாலும் இப்படித்தான் பழக்கத்தில் இருக்கிறது. வளைகுடா நாடுகளுக்குப் போகும் சகோதரிகள் அதைப் பெட்டியில் வைக்கவே கூடாது. ஐக்கிய அரபு இராச்சியம், சவூதி, கட்டார் ஆகிய நாடுகளில் அது தடைசெய்யப்பட்ட பொருள்.

அமுக்கரா தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பெயரால் வழங்கும் கிழங்கு. அசுவகந்தா என்று இணையத்தில் விற்பதும் இதுதான். சிறிய ஆய்வுகள் சிலவற்றில் நித்திரைக்கு ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. அதே வேளை ஈரல் பாதிப்பும் அபூர்வமாகப் பதிவாகியிருக்கிறது; 2023இல் டென்மார்க் இதைத் தடைசெய்தது. தைரொயிட் மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் தாமாக இதைத் தொடக் கூடாது.

மூலிகை என்றால் பாதகமில்லை என்று நினைப்பவர்களுக்குச் சர்ப்பகந்தி நல்ல பாடம். சிங்களத்தில் ஏகவேரிய என்பார்கள். நித்திரையின்மைக்கும் சித்தப்பிரமைக்கும் பரம்பரை வைத்தியர்கள் கொடுத்த வேர் அது. 1952இல் அதிலிருந்து ரிசர்ப்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். உலகமெங்கும் இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்தார்கள். அழுத்தத்தை இறக்கியது, சிலருக்கு மனச்சோர்வையும் கொண்டுவந்தது. அவ்வளவு பலமுள்ள வேரைக் கடையில் நிறுத்து வாங்கித் தானே இடித்துக் குடிப்பது அறிவுடைமையல்ல.

சிரோதாரை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கண்டியைச் சுற்றியுள்ள ஹோட்டல்களின் விளம்பரப் பலகைகளில் நெற்றியில் எண்ணெய் ஒழுகும் படத்தைக் கண்டிருப்பீர்கள். அது உண்மையான சிகிச்சைதான். வைத்தியர் உடல்நிலையைப் பார்த்து, எண்ணெயைத் தெரிவுசெய்து, பல நாட்கள் தொடர்ந்து செய்ய வேண்டியது. ஹோட்டலில் ஒரு நாள் செய்வது சுகமாக இருக்கும், அவ்வளவே. அந்தக் காசுக்கு வீட்டில் பல மாதங்களுக்கு நல்லெண்ணெய் வாங்கலாம்.

எண்ணெயும் பாலும் தொடாத காரணங்களும் உண்டு. பெரிதாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவர்கள், மாதவிடாய் நிற்கும் காலத்தில் வியர்த்து விழிப்பவர்கள், அதிகாலையில் விழித்து வாழ்க்கையே வேண்டாம் என்று எண்ணுபவர்கள் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மனம் மிகவும் சோர்ந்தால் இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். நித்திரைக் குளிசை எடுப்பவர்கள் நாட்டு மருந்து தொடங்கிய அன்றே அதை நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம்; வைத்தியர் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். ஆங்கில வைத்தியமும் குளிசையை முதலில் வைப்பதில்லை. அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016இல் வெளியிட்ட வழிகாட்டல், நீண்டநாள் நித்திரையின்மைக்கு முதலில் பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் பயிற்சியையே பரிந்துரைக்கிறது. இரு வைத்தியமும் இவ்விடத்தில் ஒரே பக்கம் நிற்பது எங்களுக்கு மகிழ்ச்சி.

மருந்து வேண்டுமென்றால் பதிவு பெற்ற வைத்தியரிடம் போங்கள். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேத, சித்த, யூனானி, தேசிய வைத்தியர்கள் எல்லோரும் பதிவு செய்யப்படுகிறார்கள். பதிவு இலக்கத்தைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். இணையத்தில் வாங்குபவர்களுக்கு ஒரு செய்தி: 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வில், இணையத்தில் வாங்கிச் சோதித்த 193 ஆயுர்வேதப் பொருட்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதோவொன்று இருந்தது. இங்கிருந்து மருந்து கொண்டுபோகிறவர்கள் பெயர் எழுதாத பொட்டலத்தைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே உங்கள் வைத்தியர் கேட்டால் காட்ட, உள்ளே இருப்பவற்றின் பெயர்களை எழுதி வாங்குங்கள்.

இடைவேளையில் நாங்கள் நூலகத்தில் இருப்போம். தனியாகக் கேட்க வேண்டியது இருப்பவர்கள், இப்போது எடுக்கும் குளிசைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். மண்டபத்தில் தேநீர் தருவார்கள். இன்னும் பதினொரு மணி ஆகவில்லை, பயமில்லாமல் குடிக்கலாம்.