கேட்பதற்கு ஓர் ஆள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில், நாரணாபுரத்தைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "நீ பாக்குற வேலையைப் பத்தி இருபது நிமிஷம் பேசு தம்பி. பிள்ளைகளுக்குப் புரியிற மாதிரி பேசு" என்றார். இரண்டாவது நிபந்தனைதான் கஷ்டமானது. நான் பார்க்கும் வேலைக்கு நானோ ஃபோட்டானிக்ஸ் என்று பெயர். என் வீட்டாருக்கே இன்னும் அது விளங்கவில்லை. "ஏதோ லைட்டு சம்பந்தமா பெங்களூருல இருக்கான்" என்றுதான் அம்மா எல்லோரிடமும் சொல்லி வருகிறார். யோசித்துப் பார்த்தால் அதிலும் தப்பில்லை.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோமீட்டர். ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய வரிகளையும் துளைகளையும் ஒரு பரப்பில் செதுக்கிவிட்டால், ஒளி நம் சொல்லைக் கேட்கும். வளை என்றால் வளையும், ஓரிடத்தில் குவி என்றால் குவியும், நிறமும் மாறும். மயில்தோகையின் நீலமும் பச்சையும் இப்படித்தான் வருகின்றன. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்கமைப்பு செய்யும் வேலை அது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் எளிதாகச் சொல்லலாம். என் அப்பா சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் பிளேட் போடுகிறவராக இருந்தவர். காலண்டர் படத்தை அங்குலத்துக்கு 175 கோடு ஸ்கிரீனில் எடுத்தால், ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே சுமார் 145 மைக்ரான் இருக்கும். நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் 'ரிஜிஸ்டர் போச்சு' என்பார்கள். சாமி படத்தில் உதடு ஓரிடத்தில், சிவப்பு வேறிடத்தில் நிற்கும். நான் செய்வதும் அதே அச்சு வேலைதான். பிளேட்டுக்குப் பதிலாகச் சிலிக்கான் வில்லை, புள்ளிகளின் இடைவெளி அதில் ஐநூறில் ஒரு பங்கு. தூசி இல்லாத அந்தச் சுத்த அறைக்குள் முதன்முதலாகப் போனபோது உள்ளே எல்லாம் மஞ்சள் விளக்கு. பூசிய மருந்து மஞ்சள் ஒளியில் கெடாது என்பதால் அப்படி. எனக்கு அப்பாவின் பிளேட் ரூம் ஞாபகம் வந்துவிட்டது. சொந்த ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆனால் அந்த அறைக்குப் போய்ச்சேர நான் பட்ட பாட்டைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன்.

எம்.இ. படிக்கும்போது நானும் என் நண்பன் ஒருவனும் ஒரே திட்டத்தை எடுத்துக்கொண்டோம். அவனும் இந்தக் கல்லூரிக்காரன்தான். தண்ணீரில் கலந்த பூச்சிமருந்தை ஒளியைக்கொண்டு கண்டுபிடிப்பது எங்கள் எண்ணம். ஒரு பொருளின் மேல் ஒளி பட்டால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறிய பங்கு, ஏறக்குறைய ஒரு கோடியில் ஒன்று, நிறம் மாறி வரும். இதுதான் ராமன் விளைவு. அந்த மாற்றம் ஒவ்வொரு பொருளுக்கும் கைரேகை மாதிரி. வெள்ளியில் நுண்ணிய மேடுபள்ளங்களைச் செய்து அதன்மேல் பொருளை வைத்தால், மங்கலான அந்தக் கைரேகை பல லட்சம் மடங்கு பிரகாசமாகும். இது 1970-களிலேயே தெரிந்த செய்தி. கம்ப்யூட்டரில் ஒரு வருஷம் கணக்குப் போட்டு அழகான வடிவம் ஒன்றை உருவாக்கினோம். செய்து பார்க்கத்தான் வழியில்லை.

ஒரு கூடத்தில் கருவி பழுது. இன்னொரு கூடத்தில் எட்டு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். ஒருவழியாகக் கண்ணாடியின்மேல் வெள்ளி படியவைக்க ஓரிடம் கிடைத்தது. படியவைத்தோம். கழுவினால் வெள்ளி உரிந்து வந்தது. மறுபடி செய்தோம், மறுபடி உரிந்தது. இப்படியே ஐந்து மாதம் போயிற்று. 'நமக்குக் கைராசி இல்லடா' என்று நண்பன் சொல்ல ஆரம்பித்தான். அவன் வீட்டில் தங்கை கல்யாணம் காத்திருந்தது. 2012 ஜூனில் திட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டான். அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, எங்கள் ஆசிரியர்களுக்கும் தெரியும்.

அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் ஃபைபர் ஆப்டிக்ஸ், ஃபோட்டானிக்ஸ் பற்றிய சர்வதேச மாநாடு நடந்தது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டிப் போனேன். உரைகளில் பாதி விளங்கவில்லை. டீ வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆராய்ச்சி மாணவி ஒருவர், வங்காளத்துக்காரர், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "வெள்ளிக்கு அடியில் குரோமியம் போட்டீர்களா?" என்றார். விழித்தேன். வெள்ளிக்குக் கண்ணாடியோடு ஒட்டாது, இரண்டு மூன்று நானோமீட்டர் குரோமியமோ டைட்டானியமோ முதலில் போட்டால்தான் பிடித்துக்கொள்ளும் என்றார். "எனக்கும் இதில் மூன்று மாதம் போனது" என்று சிரித்தார். டீ ஆறுவதற்குள் விஷயம் முடிந்துவிட்டது.

என்னால் சிரிக்க முடியவில்லை. ஆறு மாதம் முன்னால் இந்த ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் என் நண்பன் போயிருக்கமாட்டான்.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐ.ஐ.டி.யிலும் உள்ள நானோ கூடங்களை வெளிக் கல்லூரிக்காரர்கள் வந்து பயன்படுத்துவதற்கென்றே மத்திய அரசின் திட்டம் ஒன்று 2008 முதல் நடந்து வந்தது. ஐ.என்.யு.பி. என்று பெயர். முதலில் அறிமுகப் பட்டறை, பிறகு கைப்பழக்கப் பயிற்சி, அதன் பிறகு நம் சொந்தத் திட்டத்தை அங்கேயே செய்துபார்க்க விண்ணப்பிக்கலாம். எங்களுக்காகவே திறந்துவைத்த கதவு நாலு வருஷமாகத் திறந்தே கிடந்திருக்கிறது. அது எங்களுக்குத் தெரியவில்லை. மஞ்சள் அறைக்குள் நான் நுழைந்தது அந்தக் கதவு வழியாகத்தான்.

இப்போது ஒரு பழைய கதைக்கு வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி, மலையடிவாரத்தில் வத்திராயிருப்பு இருக்கிறதல்லவா? 1898-இல் அங்கே பிறந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் செய்முறை உதவியாளராக இருந்தபோது, மதிய இடைவேளையில் மாணவர்களைச் சேர்த்துவைத்துப் பேசுவார். யாரும் எதையும் கேட்கலாம். வேறு கல்லூரி மாணவர்களும் அதைத் தேடி வந்தார்கள். 1920-இல் கல்கத்தா போனார். பிறகு ராமனோடு, இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். அது மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர், பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 1876-இல் நிறுவிய கழகம்.

அங்கே நடந்ததைக் கவனியுங்கள். கே.ஆர். ராமநாதன் 1923-இல் சிதறிய ஒளியில் ஒரு மங்கலான மாற்றத்தைப் பார்த்தார். அது விளங்கவில்லை, ஆனாலும் கூடத்தில் எல்லோருக்கும் அது தெரிந்தது. வேங்கடேசுவரன் என்பவர் வேறு வேலையில் இருந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் வந்து கிளிசரினில் இன்னொரு தடயத்தைக் கண்டார். அதைத் தொடர அவருக்கு நேரமில்லாதபோது கிருஷ்ணன் கையில் எடுத்தார். 1928 பிப்ரவரி 28-இல் விடை கிடைத்தது. அப்போது கிருஷ்ணனுக்கு வயது 29. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுக்க முடிந்தது, ஒருவர் பட்ட கஷ்டம் அடுத்தவருக்குத் தெரிந்திருந்தது. ராமனின் மேதைமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த மேதைமையைச் சுற்றி இளைஞர்களின் ஒரு கூட்டம் இருந்தது என்கிறேன்.

அதே 1920-களின் தொடக்கத்தில் நம் பக்கத்திலிருந்து வேறு இருவரும் கல்கத்தா போனார்கள். அவர்களை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்கு அச்சகம் வந்தது, பட்டாசும் வந்தது. இரண்டு பேர் கற்றது ஊர்த் தொழிலானது எப்படி? பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், தெரிந்தவர் சொன்னார். இன்றும் மிஷினில் ஒரு கோளாறு என்றால் எதிர்த்த அச்சகத்து அண்ணாச்சியைத்தானே கூப்பிடுகிறோம்? போட்டிக்காரராயிற்றே என்று அவர் வராமல் இருப்பதில்லை.

நானோ ஃபோட்டானிக்ஸில் இளம் விஞ்ஞானிகளுக்கு இந்த நாட்டில் குறைவாக இருப்பது அந்த எதிர்த்த அச்சகத்து அண்ணாச்சிதான். பணமே வரவில்லை என்று சொல்ல முடியாது. 2007-இல் மத்திய அரசு நானோ மிஷனை ஐந்தாண்டுக்கு 1000 கோடி ரூபாயில் தொடங்கியது. ஐ.என்.யு.பி.யின் அடுத்த கட்டத்தில் சென்னை, டெல்லி, கரக்பூர், குவாஹாத்தி ஐ.ஐ.டி.களும் சேர்ந்தன. எந்தக் கருவி எந்த ஊரில் இருக்கிறது என்று காட்டும் ஐ-ஸ்டெம் தளம் 2020 ஜனவரியில் தொடங்கப்பட்டது. இளம் விஞ்ஞானிகளுக்கென்று ஒரு தேசிய அகாடமி 2014-இல் வந்தது. எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் கருவி இருக்கும் இடத்தைப் பட்டியல் சொல்லும். குரோமியம் போட்டாயா என்று பட்டியல் கேட்காது. வெற்றி பெற்ற சோதனைதான் ஆய்விதழில் அச்சாகிறது. உரிந்துபோன வெள்ளியை யார் அச்சிடுவார்கள்? ஆகவே அதே தப்பை ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பிள்ளையும் முதலிலிருந்து செய்கிறது.

தேசிய அளவில் ஒரு ஆய்வுச் சமூகம் என்றால் பெரிய மண்டபமும் பொன்னாடையும் வேண்டியதில்லை. மதுரையில் இருக்கும் ஒரு பெண், குவாஹாத்தியில் இருக்கும் ஒரு பையனுக்குக் கூச்சமில்லாமல் போன் செய்து "எனக்கு இது வரமாட்டேங்குது" என்று சொல்ல முடிந்தால், அதுதான் ஆய்வுச் சமூகம். அதற்கு அவர்கள் ஒருமுறையாவது ஒரே கூடத்தில் ஒரு வாரம் கை அழுக்காக வேலை செய்திருக்க வேண்டும். முகம் தெரியாதவரிடம் தோல்வியைச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. ஆய்வுக்கூடங்களிலும் தொழிற்கூடங்களிலும் இருக்கும் நம் முன்னாள் மாணவர்களில் கேள்விக்குப் பதில் சொல்ல இசைபவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று துறை அலுவலகத்தில் இருக்கட்டும். வெளிக்கூடப் பயிற்சிக்குத் தேர்வாகும் இரண்டு மாணவர்களின் ரயில் கட்டணத்தையும் தங்கும் செலவையும் சங்கம் ஆண்டுதோறும் ஏற்கட்டும். மூன்றாவதாக, சோதனைக்கூடத்தில் ஒரு தடித்த நோட்டு வையுங்கள். வராமல் போன சோதனைகளை மட்டும் அதில் எழுதுங்கள், தேதியும் பெயரும் போட்டு. மதிப்பெண் கிடையாது. பத்து வருஷம் கழித்து அந்த நோட்டுக்கு விலை சொல்ல முடியாது.

தம்பி தங்கைகளே, கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். மூத்தவர்களே, தெரிந்ததைச் சொல்லக் கணக்குப் பார்க்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. என் நண்பன் இன்று இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் அனுமதி வாங்கித்தான் அவன் கதையைச் சொன்னேன். நேற்று இரவு இந்த உரையை வாசித்துக் காட்டினேன். குரோமியம் வரும் இடத்தில், "நிறுத்துடா" என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "முதல் வருஷம் போற ரெண்டு பிள்ளைக செலவு என்னோடது" என்றான். மேடையில் அதைச் சொல்லக்கூடாது என்றும் சொன்னான். அந்த ஒன்றில் மட்டும் அவன் பேச்சை மீறிவிட்டேன்.