துறவும் வைத்தியமும்



அருட்சகோதரிகள் எங்களுக்குக் கல்வி தந்தார்கள். அந்தக் கல்வி யாருக்காக என்பதை வாழ்ந்து காட்டிய ஒரு வைத்தியத் துறவியைப் பற்றிச் சில வார்த்தைகள்.

மேரி குளோரி 1887இல் அவுஸ்திரேலியாவில் பிறந்தவர். மெல்பேர்ணில் கண் வைத்தியராக நற்பெயர் பெற்றிருந்தார். ஆண் வைத்தியரிடம் காட்ட முடியாமல் இந்தியப் பெண்கள் சிகிச்சையின்றி இறப்பதை 1915இல் ஒரு சிறு பிரசுரத்தில் வாசித்தார். 1920இல் குண்டூருக்கு வந்து இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார்.

அக்காலத்தில் துறவியர் வைத்தியம் செய்யத் திருச்சபைச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பரின் விசேட அனுமதியுடனேயே அவர் பணியாற்றினார். மற்றச் சகோதரிகளுக்கு 1936இல்தான் வழி திறந்தது.

ஒருவரால் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? உள்ளூர்ப் பெண்களை மருத்துவிச்சிகளாகவும் தாதியராகவும் மருந்து கலப்பவர்களாகவும் பயிற்றினார். 1943இல் கத்தோலிக்க வைத்தியசாலைகளை ஒரே சங்கமாக இணைத்தார். அவர் கனவு கண்ட மருத்துவக் கல்லூரி, 1957இல் அவர் இறைவனடி சேர்ந்த பின், 1963இல் பெங்களூரில் திறக்கப்பட்டது.

தோழியரே, மார்பில் கட்டியை மாதக்கணக்காக மறைத்து வைத்திருந்துவிட்டு வரும் தாய்மாரை இன்றும் கிளினிக்கில் காண்கிறேன். "சொல்ல வெட்கமாயிருந்தது, டொக்டர்" என்கிறார்கள். அந்த வெட்கத்தைப் போக்க வைத்தியராகத்தான் இருக்க வேண்டுமென்றில்லை. பக்கத்திலிருந்து கேட்கும் ஒரு பெண் போதும். நாங்கள் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் அந்தப் பெண்ணாக இருப்போம். சகோதரிகள் தந்த கல்விக்கு அதுவே நன்றி.