வேப் பிடிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்



"பெட்டிக்கடையில் சிகரெட் தாராளமாகக் கிடைக்குது, வேப்புக்கு மட்டும் ஏன் தடை?" என்று நம் தெருப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எம்.பி.க்கு மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் 2019-இல் வந்த மத்திய அரசின் சட்டப்படி இ-சிகரெட் விற்பது, ஆன்லைனில் விற்றாலும், குற்றம். முதல் தடவையே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூட்டாளிக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துக் காசு வாங்கினாலும் விற்பனைதான். அறை வாடகைக்கு விடுகிறவர்களே, தெரிந்தே சரக்கு வைக்க இடம் கொடுத்தால் உங்களுக்கும் ஆறு மாதம் வரை சிறை உண்டு.

எனக்குப் போலீஸைவிடப் பெரிய கவலை வேறு. தடை வந்த பிறகு ரகசியமாக வாங்குகிறார்கள். அந்தத் திரவத்தை யார், எங்கே கலந்தார்கள்? 2019-இல் அமெரிக்காவில் கள்ளத்தனமாக விற்ற கஞ்சாச் சத்துக் குப்பிகளில் வைட்டமின் ஈ அசிடேட்டைக் கலந்திருந்தார்கள். நுரையீரல் கெட்டு 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நமக்கு அமெரிக்கா எதற்கு? 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் சாராயம் செய்ததைப் பார்த்தவர்கள் நாம்.

வேப் கிடைக்காமல் சிகரெட்டுக்குத் திரும்புவதும் வேண்டாம். நிறுத்த நினைத்தால் 1800-11-2356-க்குப் பேசலாம், கட்டணமில்லை. நிக்கோட்டின் சூயிங்கம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். முதல் சில நாள் எரிச்சல் வரும், தூக்கம் கெடும். வீட்டில் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரே, பையில் பார்த்ததும் கையை ஓங்காதீர்கள். அடித்தால் அடுத்ததை உப்பளக் கொட்டகையில் ஒளித்து வைப்பான். எப்போதிலிருந்து, யாரிடம் வாங்கினாய் என்று மெதுவாகக் கேளுங்கள்.