பட்டறையின் வாய்ப்பூட்டு

(கழகப் பயிற்சிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சட்டமன்ற உறுப்பினர் சிறுதொழிலின் காவலர் என்று சுவரொட்டி கூறுகிறது. என்ன காவல்? திறப்பு விழாவில் நாடா வெட்டினார், குத்துவிளக்கு ஏற்றினார், பொன்னாடை பெற்றார். நல்லது, வேண்டாமென்று கூற நான் யார்? ஆனால், விளக்கேற்றியவர் வீடு திரும்பிய பிறகு அந்தப் பட்டறையிலே நடப்பது என்ன?

லேத் பட்டறைக்காரர் ஒருவர் 10 இலட்சம் ரூபாய்க்குப் பொருள் செய்து பெரிய ஆலைக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக்குப் பணம் முன்னரே கொடுத்தாயிற்று. சனிக்கிழமை வந்தால் கூலி. மாதம் பிறந்தால் வாடகை. விலைப்பட்டியலிலே 18 விழுக்காடு சரக்கு சேவை வரி, அதாவது 1,80,000 ரூபாய், ஏறுகிறது. இரும்பு வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு, மீதியை அடுத்த மாதமே அரசுக்குச் செலுத்தியாக வேண்டும். ஆலையோ இன்னும் காசு தரவில்லை! வராத பணத்திற்கு வரி! வங்கியிலே 12 விழுக்காட்டு வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால், ஆறு மாதத் தாமதம் 60,000 ரூபாயை விழுங்கி ஏப்பம் விடுகிறது. பெரியவனுக்குச் சிறியவன் வட்டியில்லாக் கடன் கொடுக்கும் விந்தையை வேறெங்கே காண்பது?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1993லேயே ஒன்று வந்தது. அதைவிட வலுவாக வந்தது, 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். குறுந்தொழிலாரிடமும் சிறுதொழிலாரிடமும் வாங்கிய பொருளுக்கு 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தலாகாது. நிறுத்தினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி. அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டி! முறையிட வசதியாக்கக் குழு உண்டு. அக்குழுவின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் ஆலை, தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும். போதாதென்று, கெடு கடந்தும் கொடுக்காத தொகையை வருமான வரிக் கணக்கிலே செலவாகக் காட்ட முடியாதென்று 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கூறிற்று. கொடுத்த ஆண்டிலேதான் காட்டலாம். ஏட்டுச் சுரைக்காய் என்று இவற்றைத் தள்ளிவிட முடியாது.

பின் ஏன் பட்டறைக்காரர் முறையிடுவதில்லை? முறையிட்டால் வட்டி கிடைக்கும். அடுத்த ஆர்டர் கிடைக்காது! திருச்சியை அடுத்த துவாக்குடியைப் பாருங்கள். பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையை நம்பி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் அங்கே வளர்ந்தன. அனல்மின் கொதிகலன் ஆர்டர் நாட்டிலே குறைந்தபோது அத்தனை பட்டறைகளும் ஆட்டம் கண்டன. ஒரே வாசலை நம்பி வாழ்பவன் அந்த வாசலில் நின்று உரத்துப் பேசுவானா? வாயிருந்தும் ஊமையாகிறான்.

அந்த அச்சம் சட்டமன்ற உறுப்பினருக்கு உண்டா? இல்லை. பேரவையில் பேசியதற்காக அவர்மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடர முடியாதென்று அரசியல் சட்டத்தின் 194ஆம் பிரிவு காப்பளிக்கிறது. அந்தக் காப்பு வாழ்த்துப்பா பாடுவதற்காக அன்று. வினா நேரம் இருக்கிறது. மானியக் கோரிக்கை விவாதம் இருக்கிறது. பொது நிறுவனங்கள் குழு இருக்கிறது. எழுந்து கேட்கட்டும்: "அரசு நிறுவனங்கள் சிறுதொழிலாருக்கு 45 நாள் கடந்தும் தராத தொகை எவ்வளவு?" பட்டறைக்காரர் பெயரைக் கூற வேண்டியதே இல்லை. அந்த நிலுவையை ஆண்டுக் கணக்கிலே தனியே காட்டவேண்டுமென்று அதே 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு பணிக்கிறது. அரசு நிறுவனங்களின் ஆண்டறிக்கை பேரவையில் வைக்கப்படுகிறது. உறுப்பினர்கள் அதைப் புரட்டுகிறார்களா என்பதுதான் ஐயம்!

தனியார் ஆலையைச் சட்டமன்றம் என்ன செய்ய முடியும் என்பார் சிலர். வசதியாக்கக் குழுவை அமைப்பது மாநில அரசு. 90 நாட்களுக்குள் முறையீட்டைத் தீர்க்க வேண்டுமென்பது விதி. அந்தக் கெடுவைத் தாண்டி எத்தனை மனுக்கள் உறங்குகின்றன என்று கேட்கலாமே!

இளைஞர்கள் கேட்பார்கள்: கணினி யுகத்திலே லேத் பட்டறையைப் பற்றிப் பேசலாமா? 1958ல் கிண்டியிலே தொழிற்பேட்டை பிறந்தது. காமராசர் ஆட்சி; ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சர். மாற்றார் செய்த நன்மையை மறைப்பது நமக்கு அழகன்று. 2000ஆம் ஆண்டு கலைஞர் ஆட்சியிலே தரமணியில் டைடல் பூங்கா எழுந்தது. 2024ல் விழுப்புரத்திலும் தஞ்சையிலும் சேலத்திலும் சிறிய டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டன. அங்கே நான்கு பட்டதாரிகள் கூடி மென்பொருள் நிறுவனம் தொடங்கினால், அவர்களும் சிறுதொழிலார்தாம். ஊழியருக்கு மாதம் தவறாமல் சம்பளம். வேலை வாங்கிய பெரிய நிறுவனமோ பட்டியலைத் தொண்ணூறு நாள் கிடப்பில் போடுகிறது! லேத்தை விரட்டிக் கணினிமயமான சி.என்.சி. இயந்திரம் வந்த பட்டறையில் ஐ.டி.ஐ. படித்த பிள்ளை பார்க்கும் வேலையும் தொழில்நுட்ப வேலைதான். இருவர் கழுத்தையும் இறுக்குவது ஒரே கயிறு. கண்ணாடி மாளிகையை மட்டும் எண்ணி வேலைவாய்ப்புக் கணக்குப் போடுகிறவர்கள் இதை எண்ணுவதேயில்லை.

நம்முடைய ஆட்சி நடக்கும்போது நம் உறுப்பினரே இப்படிக் கேட்டால் அமைச்சருக்குச் சங்கடமாகாதா? ஆகும்! பட்டறைக்காரரின் சங்கடத்தைவிட அது சிறியது. 1957ல் 15 பேராகக் கழகம் பேரவைக்குள் நுழைந்தது வினாத் தொடுக்கத்தான். அந்தப் பழக்கம் இருக்கை மாறினால் விட்டுப்போக வேண்டுமா?

உறுப்பினரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். தொகுதியிலுள்ள பட்டறைகளுக்குப் போங்கள். சிறு மென்பொருள் அலுவலகங்களுக்கும் போங்கள். பெயர் எழுத வேண்டாம். எழுதச் சொன்னால் கதவைச் சாத்துவார்கள். பொருள் அனுப்பிய நாள், பணம் வந்த நாள், வாங்கியது அரசா தனியாரா என்ற மூன்றை மட்டும் குறித்து வாருங்கள். சிறுதொழில் மானியக் கோரிக்கை அவைக்கு வருமுன் அந்தத் தாள் உறுப்பினர் கையில் இருக்கட்டும்.